உயிர்கள் பூசித்த தலங்களும் உயிர் காக்கும் தொண்டும்

திருவிழாக் காலத்தில் ஊரெல்லாம் ஒன்றாய்த் திரண்டு பெருமான் திருமுன் நிற்கின்றோம். திருநீறு துலங்கும் நெற்றியும் குவிந்த கையும் கசிந்த கண்ணுமாக அடியவர் கூட்டம் நிறைந்திருப்பதைக் காணும்போது, இறைவனை வழிபடும் பேறு மனிதப் பிறவிக்கே உரியது என்னும் எண்ணம் எழுவது இயல்பு. நம் தலவரலாறுகளோ வேறொன்றைச் சொல்லுகின்றன. பெருமானைப் பூசித்த அடியவர் வரிசையில் எறும்பு உண்டு, ஈ உண்டு, நண்டு உண்டு, நாரையும் உண்டு.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரில் தேவர்கள் எறும்பு வடிவுகொண்டு வழிபட்டனர். திருவீங்கோய்மலையில் அகத்திய முனிவர் ஈ வடிவெடுத்துச் சென்று தொழுதார். கும்பகோணத்தை அடுத்த திருந்துதேவன்குடியில் நண்டு பூசித்தது. அதனால் அத்தலத்தை நண்டாங்கோயில் என்றே மக்கள் வழங்குகின்றனர். காஞ்சிக்குத் தெற்கே உள்ள குரங்கணில்முட்டத்தில் குரங்கும் அணிலும் காக்கையும் பூசித்தன. முட்டம் என்பது காக்கையைக் குறிக்கும் சொல். திருவானைக்காவில் யானை நீர் முகந்து வந்து திருமஞ்சனம் ஆட்டியது. அங்கேயே சிலந்தி ஒன்று, சருகு உதிர்ந்து பெருமான் திருமேனிமேல் விழாதவாறு தன் வாய்நூலால் விதானம் அமைத்தது. புள்ளிருக்குவேளூரில் சடாயு என்னும் புள் வழிபட்டது. மயிலையிலே அம்மையே மயிலாகி அருச்சித்தாள்.

இவ்வரலாறுகளின் உட்பொருள் யாது? சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளை உரைக்கின்றது. இங்கே பசு என்பது ஆவினை மட்டும் குறிக்கும் சொல் அன்று. பாசத்தால் கட்டுண்ட எல்லா உயிர்களையும் குறிக்கும் பெயர் அது. புல்லும் புழுவும் மரமும் மாந்தரும் அப்பெயருக்குள் அடங்குவர். இறைவன் பசுபதி, அதாவது உயிர்கள் அனைத்திற்கும் தலைவன். உடம்புகள் பலவாயினும் அவற்றுள் நின்று இளைக்கும் உயிர்கள் யாவும் அவன் அருளுக்கு உரியன. மேலும், நிலம், நீர், தீ, வளி, வெளி, ஞாயிறு, திங்கள், ஆன்மா ஆகிய எட்டும் அவன் திருவடிவங்கள் என்பது அட்டமூர்த்தக் கொள்கை. அங்ஙனமாயின், நிலத்தையும் நீரையும் மாசுபடுத்துகின்றவர் எவருடைய வடிவத்தை மாசுபடுத்துகின்றார் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே ஒரு தலத்தின் மரமும் பறவையும் மீனும் நமக்கு உடன் அடியார்கள். நாள்தோறும் திருக்கோயிலுக்கு வரும் அடியார் ஒருவர் திடீரென வாராமற் போனால் நாம் வாளா இருப்பதில்லை. அவர் வீடு தேடிச் சென்று, யாது நேர்ந்தது என வினவுகின்றோம். அவ்வாறு நாம் வினவ வேண்டிய நிகழ்ச்சி நம் காலத்திலேயே ஒரு தலத்தில் நடந்திருக்கின்றது.

கழுகுகள் வாராத குன்றம்

செங்கற்பட்டுக்கு அருகில் உள்ளது திருக்கழுகுன்றம். மலைமேல் வேதகிரீசுவரர் எழுந்தருளியிருக்கின்றார். யுகத்திற்கு இருவராக முனிவர்கள் கழுகு வடிவில் இம்மலையைப் பூசித்து வருகின்றனர் என்பதும், அவர்களுள் சம்பாதியும் சடாயுவும் அடங்குவர் என்பதும் தலபுராணச் செய்தி. அதற்கேற்ப, நண்பகல் வேளையில் இரண்டு பறவைகள் வானிலிருந்து இறங்கி மலைப்பாறையில் வந்து அமரும். அங்கே காத்திருக்கும் பூசகர் சர்க்கரைப் பொங்கலை அவற்றிற்குப் படைப்பார். அவை உண்டு பறந்த பிறகு எஞ்சியதை அன்பர்கள் பிரசாதமாகப் பெறுவர். 500-க்கு மேற்பட்ட படிகளை ஏறி, வெயிலில் காத்திருந்து, அக்காட்சியைக் கண்ட முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர்.

வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் கொண்ட அப்பறவை, இறந்த விலங்குகளின் ஊனை உண்டு வாழும் பாறு இனத்தைச் சேர்ந்தது. மஞ்சள்முகப் பாறு என்பது அதன் பெயர். 1990-களின் பிற்பகுதியில் அவற்றின் வருகை நின்றது. பாறை இருக்கின்றது, படிகள் இருக்கின்றன, ஊரின் பெயரும் இருக்கின்றது. அப்பெயருக்குக் காரணமான புள்ளினம் மட்டும் வருவதில்லை.

கலியின் கொடுமையால் வரவில்லை என்று கூறி அமைந்துவிடுவோர் உண்டு. ஆனால் அதே ஆண்டுகளில் இந்தியா முழுவதும் பாறுகள் கூட்டங்கூட்டமாக மாண்டுகொண்டிருந்தன. பாறு இனங்களுள் ஒன்றான வெண்முதுகுப் பாறு, 1980-களில் உலகின் பெரிய ஊனுண்ணிப் பறவைகளுள் மிகுதியானது என்று கருதப்பட்டது. 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் அதன் தொகை 99.9 விழுக்காடு குறைந்தது. ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் ஒன்று எஞ்சியது என்பது இதன் பொருள். மஞ்சள்முகப் பாறும் அக்காலத்தில் பெரிதும் குறைந்தது.

அறியாமல் நேர்ந்த கேடு

இப்பேரழிவை எவர் செய்தார்? வேடர் வில்லேந்தி வந்து கொன்றனரா? கொள்ளைநோய் வந்ததா? பல ஆண்டுகள் தேடிய பின்னர், 2004-ஆம் ஆண்டில் அறிவியலார் விடை கண்டனர். டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்தே காரணம் என்பது தெளிவாயிற்று. மாந்தருக்கு மூட்டுவலி தீர்க்கும் அம்மருந்து, மலிவாகக் கிடைத்தமையால் கால்நடைகளுக்கும் ஊசியாகப் போடப்பட்டது. மருந்து பெற்ற மாடு சில நாட்களுக்குள் இறந்துபட்டால், அதன் ஊனில் மருந்து எஞ்சியிருக்கும். அதனை உண்ட பாறின் சிறுநீரகம் செயலிழக்கும். உப்புப் படிவுகள் உள்ளுறுப்புகளை மூடும். ஓரிரு நாட்களில் பறவை தலை தொங்கி இறந்துவிடும். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இத்துணைப் பெரிய அழிவு நேரும் என்று கணக்கிட்டனர். ஒரு சடலத்தை ஒரு பறவை தனித்து உண்பதில்லை. கூட்டமே வந்து சூழும் அன்றோ! மேலும், வெண்முதுகுப் பாறு ஆண்டிற்கு ஒரு முட்டையே இடும். மறைந்தது திரும்பப் பெருக நெடுங்காலம் வேண்டும்.

இங்கே நாம் உற்று நோக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அம்மருந்தை வாங்கியவர் தீயவர் அல்லர். மடிநோயால் துடித்த பசுவையும், கால் வீங்கி நின்ற எருதையும் கண்டு மனம் பொறாத எளிய உழவர்களே அவர்கள். இரக்கத்தால் செய்த செயல் அது. அன்பு இருந்தது, அறிவு உடன் செல்லவில்லை.

விளைவு பறவையோடு நிற்கவும் இல்லை. ஊர்ப்புறத்துச் சடலங்களைச் சில நாழிகைக்குள் எலும்பாக்கித் தூய்மை செய்த தோட்டி மறைந்தபின், அவ்வூன் அழுகி நீரையும் நிலத்தையும் கெடுத்தது. அதனை உண்டு தெருநாய்கள் பெருகின. பாறுகள் அழிந்ததன் விளைவாக 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் இந்தியாவில் 5 இலட்சம் மக்கள் கூடுதலாக இறந்திருக்கக்கூடும் என்று 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த பொருளியல் ஆய்வு ஒன்று மதிப்பிடுகின்றது. பிணந்தின்னி என்று நாம் இழித்துரைத்த பறவை நமக்குச் செய்த தொண்டு எத்தகையது என்பதை, அது போன பின்னரே உணர்ந்தோம்.

ஆரூர் உணர்த்தும் நீதி

அறியாமல் நேர்ந்ததற்கு நாம் என்ன செய்வது எனக் கேட்கலாம். இவ்வினாவிற்குத் திருவாரூர் விடை தந்திருக்கின்றது. மனுநீதிச் சோழனின் மைந்தன் தேரில் சென்றபோது பசுங்கன்று ஒன்று துள்ளி வந்து தேர்க்காலில் பட்டு மாண்டது. இளவரசன் அதனைக் கொல்ல நினைக்கவில்லை. கன்று வந்ததையும் அவன் அறியான். தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்குச் சென்று ஆராய்ச்சி மணியை அசைத்தது. அமைச்சர்கள் கழுவாய் சொல்லி அமைதிகாட்ட முயன்றனர். அறியாமல் நேர்ந்தது என்ற சொல்லால் அரசன் உள்ளம் ஆறவில்லை. தாயின் துயரைத் தானும் உறுவதே நீதி என்று துணிந்தான். அந்த நேர்மைக்கே ஆரூர்ப் பெருமான் காட்சி தந்து கன்றையும் மைந்தனையும் எழுப்பினான்.

ஆரூர்ப் பசுவிற்கு அசைக்க ஒரு மணி இருந்தது. பாறுக்கும் பட்டாம்பூச்சிக்கும் குளத்து மீனுக்கும் அத்தகைய மணி இல்லை. அவற்றின் சார்பில் மணியை அசைக்க வேண்டியவர் அடியவராகிய நாமே. அறியாமற் செய்த தீங்கிற்கும் நாமே பொறுப்பு என ஏற்பதுதான் ஆரூர் காட்டும் அறம். சிறியவர் பலர் சிறுகச் சிறுகச் செய்த செயலால் ஓரினம் அழியுமாயின், சிறியவர் பலர் சிறுகச் சிறுகச் செய்யும் தொண்டினால் அது பிழைக்கவும் கூடும். இதுவே நாம் கொள்ள வேண்டிய உறுதி.

தொழுவத்தில் தொடங்கும் தொண்டு

கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் மருந்தை இந்திய அரசு 2006-இல் தடை செய்தது. மாந்தருக்கான பெரிய மருந்துக் குப்பிகள் தொழுவத்திற்குச் சென்றமையால், 2015-இல் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. பாறுகளுக்குத் தீங்கு செய்யும் கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் ஆகியவையும் கால்நடைப் பயன்பாட்டிற்கு 2023-இல் தடை செய்யப்பட்டன. பறவைகளுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் என்னும் மருந்து கிடைக்கின்றது.

அரசு தடை விதிக்கலாம். ஆயின் இரவில் மாடு துடிக்கும்போது மருந்துக் கடைக்கு ஓடுபவர் நம் வீட்டவர் அல்லரோ? மாந்தருக்குரிய ஊசிமருந்தை மாட்டிற்கு வாங்காதிருத்தலும், கால்நடை மருத்துவரை அழைத்து, பாறுகளைக் கொல்லாத மருந்தையே தருமாறு கேட்டலும் எவராலும் இயலும். சிகிச்சை நடக்கும்போதே இறந்துபட்ட மாட்டினை வெளியில் எறியாது ஆழப் புதைத்தல் வேண்டும். காட்டோரச் சிற்றூர்களில், ஆட்டையோ மாட்டையோ அடித்த விலங்கின்மேல் சினங்கொண்டு, எஞ்சிய ஊனில் நஞ்சு வைக்கும் வழக்கம் உண்டு. அந்நஞ்சு புலியோடு நில்லாது பாறுக் கூட்டத்தையும் கொல்லும். அதனை அறவே விடுதல் வேண்டும். தமிழகத்தில் நீலகிரிச் சாரலை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் வாழ்கின்றன. விளக்கு அணைந்துவிடவில்லை, திரி கருகாமற் காப்பதே நம் வேலை.

நந்தவனமும் உழவாரமும்

மாடு இல்லாதவர்க்குத் தொண்டு இல்லையோ எனில், உண்டு. பெருமான் உகந்து சூடும் மலர்களையும் இலைகளையும் எண்ணிப் பாருங்கள். கொன்றை, எருக்கு, ஊமத்தை, தும்பை, வன்னி, வில்வம், அறுகு. இவற்றுட் பலவும் வேலியோரத்திலும் புறம்போக்கிலும் தாமே முளைப்பவை. விலை கொடுத்து வாங்க வேண்டாதவை. ஏழையும் அருச்சிக்கும்படி எளியவற்றை ஏற்றான் என்று நாம் பேசுகின்றோம். அதனோடு இன்னொன்றையும் காண்கின்றோம். எருக்கிலையைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சி உண்டு. வில்வ இலையில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி உண்டு. கொன்றையின் தளிரை நம்பி வாழும் வண்ணத்துப்பூச்சியும் உண்டு. புழுவாய் இருக்கையில் இவ்விலைகளே அவற்றின் உணவு. களை என்று கருதி எருக்கை அழித்தால், பெருமானுக்குரிய மலரோடு அவ்வுயிரின் உணவும் போயிற்று.

ஆகவே நம் ஊர்த் திருக்கோயில் நந்தவனத்தில் அயல்நாட்டு அழகுச் செடிகளுக்குப் பதிலாக இம்மரபுச் செடிகளை வளர்ப்போம். பூச்சிக்கொல்லி தெளிக்காதிருப்போம், வண்டு தொடாத மலர் பெருமானுக்கு மட்டும் எவ்வாறு உகந்ததாகும்? புழு அரித்த ஓரிரண்டு வில்வ இலைகளை அருச்சனைக்குக் கொள்ளாது மரத்திலேயே விட்டுவிட்டால், அவ்விலைகள் அவ்வுயிர்க்கு அன்னம் ஆகும்.

நாவுக்கரசர் பெருமான் கையில் ஏந்தியது உழவாரம். அது கையால் இயக்கும் கருவி. எதனைச் செதுக்க வேண்டும், எதனை விட வேண்டும் என்று ஏந்துவோர் கண் பார்த்து இயக்குவது. உழவாரப் பணிக்குச் செல்லும் அன்பர்கள் களைக்கொல்லி மருந்தை நாடாமல் அந்தக் கைப்பணியையே போற்றுதல் நலம். கோபுரத்திலும் விமானத்திலும் முளைத்த அரசங்கன்றும் ஆலங்கன்றும் கல்லைப் பிளக்கும். அவற்றை அகற்றத்தான் வேண்டும். வேரோடு எடுக்க முடிந்தவற்றைக் குளக்கரையில் நட்டால் பணி இரட்டிப்பாகும். திருமதில் ஓரத்துத் தும்பையையோ அறுகையோ அழிக்க வேண்டுவதில்லை.

தலமரத்திற்கும் ஒரு சொல். வேண்டுதல் பொருட்டு ஆணி அறைதல், நைலான் கயிறு இறுக்குதல், அடிமரத்தில் கற்பூரம் கொளுத்துதல், வேர்மேல் நீர் இறங்காதபடி சிமெண்டுத் தளம் இடுதல் ஆகியவை பக்தியால் செய்யப்படினும் மரத்தை வாட்டுவனவே. தில்லை என்னும் மரத்தால் பெயர் பெற்ற சிதம்பரத்தில் தில்லைவனம் இன்று இல்லை. கடலோரத்துப் பிச்சாவரத்தின் சதுப்புநிலக் காட்டில்தான் அம்மரத்தைக் காண்கின்றோம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, அக்காட்டின் பின்னே இருந்த சிற்றூர்கள் பெருஞ்சேதத்திலிருந்து தப்பின. அம்பலவன் உறைவனம் அடியாரைக் காத்தது என்று சொல்வது மிகையாகாது.

திருக்குளம்

குளத்து மீனுக்குப் பொரி இடுதல் நல்லறம்தான். ஆயின் மீன் உண்ணும் அளவிற்குமேல் கொட்டிய பொரி அழுகி, நீரில் உள்ள உயிர்வளியைக் குறைக்கும். அறம் செய்யப் புகுந்து மீனை மூச்சுமுட்டச் செய்வோம். கைப்பிடியளவு போதும். பொரி வந்த நெகிழிப் பையும், சவர்க்காரமும், வாடிய மாலையும் குளத்திற்குள் செல்லுதல் கூடாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்களைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்துள்ளது. பனையோலைக் குடலையும் வாழையிலையும் துணிப்பையும் நமக்குப் புதியன அல்ல. நேர்த்திக்கடனாக மீன் விடுவோர், கடையில் கிடைத்த அயல்நாட்டு மீனை விடுதல் தகாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி போன்றவை நம் கெண்டையையும் அயிரையையும் விழுங்கித் தாமே குளத்தை ஆளும். எல்லாவற்றிற்கும் மேலாக, வரத்துக் கால்வாய் அடைபட்ட குளத்தில் எந்த உயிரும் நிலைக்காது. தெப்பத் திருவிழாவிற்கு முன்னரேனும் அக்கால்வாயை ஊரார் கூடித் தூர்வாருதல் பெருந்தொண்டு.

ஊர் கூடிக் காத்த மலை

தனியொருவர் செய்யும் தொண்டு ஊர்த்தொண்டாக வளரும்போது அதன் வலிமை பெரிது. மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த அரிட்டாபட்டியில், பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரைக் கோயில் உண்டு. ஏழு குன்றுகளும் சுனைகளும் ஏரிகளும் சூழ்ந்த அவ்விடத்தில் அரிய வல்லூறு இனங்கள் உட்பட ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் காணப்படுகின்றன. 2022-ஆம் ஆண்டில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193.42 ஹெக்டேர் பரப்பு, தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் கனிமம் எடுக்க 2024-இல் ஏலம் விடப்பட்டபோது, சுற்றியுள்ள ஊர் மக்கள் கிராம சபைகளில் தீர்மானம் இயற்றினர். அமைதியாகத் திரண்டு தம் கருத்தை உரைத்தனர். 2025 சனவரியில் மத்திய அரசு அவ்வேலத்தை இரத்து செய்தது. அவர்கள் உழவரும் ஆயரும் கூலித் தொழிலாளரும் ஆவர். மணியை அசைக்கும் கை எளியதாயினும் ஓசை அரண்மனையை எட்டும் என்பதற்கு இது சான்று.

நமக்கும் ஒரு மணி சட்டத்தில் இருக்கின்றது. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் நகராட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைந்து, அவ்வூரின் மரம், செடி, பறவை, மீன், மருந்துமூலிகை ஆகியவற்றை மக்களிடம் கேட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். நம் கோயிலின் தலமரமும், குளத்து ஆமையும், கோபுரத்து ஆந்தையும், கோயிற்காட்டு மூலிகையும் அவ்வேட்டில் உள்ளனவா என்று வினவுவோம்; இல்லையெனில் முதியோரிடம் கேட்டு எழுதச் செய்வோம். எழுதப்பட்ட உயிரை மறப்பது அரிது.

அன்பர்களே! இவை எல்லாம் அரசின் கடமை, அறிஞரின் கடமை என்று ஒதுங்குதல் சைவர்க்கு அழகன்று. சருகு விழாமற் காத்த சிலந்தி, தன் சிறுமையை எண்ணிச் சோம்பியிருக்கவில்லை. தன்னால் இயன்ற நூலைத் தன் வாயிலிருந்தே எடுத்துப் பின்னியது. அதனையே பெருமான் ஏற்று, அடுத்த பிறவியில் அதனைக் கோச்செங்கட் சோழனாக்கி, பல கோயில்கள் எடுக்கும் பேற்றை அளித்தான். இத்திருவிழா முடிந்து இல்லம் திரும்பும் ஒவ்வொருவரும் ஒரு நூலிழை அளவு தொண்டினை மேற்கொள்ளுங்கள். ஒருவர் தொழுவத்தைக் கவனிக்கட்டும். ஒருவர் வில்வக் கன்று நடட்டும். ஒருவர் குளத்து வாய்க்காலைத் திறக்கட்டும். ஒருவர் ஊர்ப் பதிவேட்டைக் கேட்கட்டும்.

அவ்விழைகள் கூடி விதானமாகுமாயின், வேதகிரியின் பாறைமேல் மீண்டும் இரண்டு வெண்சிறகுகள் இறங்கும் நண்பகலை நம் மக்களோ, மக்களின் மக்களோ காண்பர். அந்நாள் வாய்க்கப் பசுபதியின் திருவருள் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.